அமைதியான தெரு

வால்பரைசோவின் குன்றுகளில்
இருபத்தாறு வருஷமாக வீடு விற்கிறேன்.
துறைமுகம் தெரியும் பால்கனி,
வடக்கிலிருந்து விழும் குளிர்கால வெயில்,
எல்லாம் எனக்கு நாக்கு நுனியில்.

முதல் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்:
"அமைதியான தெரு. லாரி வராது,
நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும்."
இருவரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எலியானா சிரித்தாள்,
கட்டம் போட்ட நோட்டை எடுத்து எழுதினாள்:
*எங்களுக்குக் காது கேட்காது.
அமைதிக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள்?
அதைக் கழித்துவிடுங்கள்.*

நிபால்தோ கூடத்தின் கோடிக்குப் போய்
குதிகாலால் தரையை ஒருமுறை தட்டினார்.
ஜன்னலருகே நின்றவள் திரும்பவில்லை.
கான்கிரீட், அதன்மேல் இத்தாலி டைல்ஸ்.
போன மாதம்தான் பதித்தது என்றேன் பெருமையாக.
*செவிட்டுத் தரை*
என்று எழுதிக் காட்டினார்.

இரண்டாவது வீட்டில் அடுப்படி பின்கட்டில்,
கதவு வைத்து, சுவரைப் பார்த்து.
எலியானா அடுப்பின் முன் நின்று பார்த்தாள்.
*இங்கே நின்றால் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.*
படிக்கட்டும் தேறவில்லை.
கைகளால் பேசிக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு
இரண்டு ஆள் அகலம் வேண்டுமாம்.
குறுகலாக இருந்தால்
பாதிச் சண்டை மாடியிலேயே நின்றுவிடும்.
சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் பெரிய ஜன்னல்,
நான் எப்போதும் கடைசியாகக் காட்டி அசத்துவது.
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்கிறவன்
முகம் கறுத்துப்போகும்,
கூடவே அவன் பேச்சும்.
இருபத்தாறு வருஷத்தில் இது எனக்குத் தெரியாது.

மூன்றாவதைக் காட்டுவதாகவே இல்லை.
போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது,
சாவி பையில் இருந்தது.
மஞ்சள் தகரம் அடித்த பழைய வீடு,
இரண்டு வருஷமாக விலைபோகாதது.
குன்றேறும் இழுவை வண்டியின் எஞ்சின் அறைக்கும்
அதற்கும் ஒரே சுவர்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
சக்கரம் சுழலும், அலமாரிக் கோப்பைகள் பல் கடிக்கும்.
எட்டுப் பேர் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

நிலநடுக்கத்தில் விழுந்த நடுச்சுவரை
யாரும் திரும்ப எழுப்பவில்லை.
அடுப்பிலிருந்து வாசல்வரை ஒரே பார்வை.
நிபால்தோ செருப்பைக் கழற்றினார்.
பைன் பலகைத் தரை. தட்டினார்.
கொல்லைப்புறக் கதவருகே அவள்
சட்டென்று திரும்பினாள்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

பிறகு சக்கரம் சுழன்றது.
நான் கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கம்.
திறந்தபோது இருவர் உள்ளங்கையும் சுவரில்.
*எத்தனை மணிவரை?*
பதினொன்று.
*காலையில்?*
ஏழு.
*அப்போ தலையணைக்கு அடியில் வைக்கிற
அதிர்வுக் கடிகாரத்தை விற்றுவிடலாம்.*

விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
அவளோ வீட்டுச் சாவியை வாங்கி
ஒவ்வொரு ஜன்னல் சட்டத்திலும் குத்திப் பார்த்தாள்.
மூன்றாவதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.
கரையான்.
கூரையில் ஒழுகல் இரண்டு இடம்,
கழிவுநீர்க் குழாய் முப்பாட்டன் காலத்தது.
நாற்பது லட்சம் பேசோ குறையுங்கள் என்றாள்.
சத்தத்துக்காக ஏற்கெனவே குறைத்த விலை, அம்மா,
என்று நானும் எழுதினேன்,
என் கையெழுத்து அன்றுதான் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது.
அவள் நிதானமாகப் பென்சிலைச் சீவினாள்.
*எந்தச் சத்தம்?*

முப்பத்தைந்தில் முடிந்தது.

இரவு வீட்டில், பாத்திரம் கழுவுகிற
மர்செலினாவின் முதுகிடம்
இதை முழுக்கச் சொல்லி முடித்தேன்.
குழாயை மூடிவிட்டு, "ஏதாவது சொன்னாயா?" என்றாள்
திரும்பாமல்.
நான் குதிகாலை ஓங்கித் தரையில் தட்டினேன்.

கீழ்வீட்டுப் பல் டாக்டர்
துடைப்பக் கட்டையால் பதில் சொன்னார்.