சின்ன ர

ரோஸ் பெல் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு
எண்கள் சொல்லித்தர ஒரு பக்கம் வரைந்தேன்.
பாடநூலில் பத்து யானைகள்.
இந்தத் தீவில் யானை ஏது?
ஆகவே புயல்.

ஒன்றாம் எச்சரிக்கை: மெழுகுவத்தி வாங்கு.
இரண்டு: பள்ளி இல்லை
(இங்கே பிள்ளைகள் கைதட்டுவார்கள்).
மூன்று: ஜன்னலுக்குப் பலகை.
நான்கு: கதவைத் திறக்காதே,
அப்பா சொன்னாலும்.

ஜூனில், கத்ர் போர்னில், ஒரு பயிலரங்கு.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம்,
செய்தவர் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது
என்றோர் உரிமத்தைத் திரையில் காட்டினார்கள்.
சமோசா ஆறிக்கொண்டிருந்தது.

சினாப்பென் சார் எழுந்தார்:
"பதினெட்டு வருஷம் ராத்திரி உட்கார்ந்து எழுதின தாள்.
என் டியூஷன் அதில்தான் ஓடுகிறது.
வீதியில் கொட்டச் சொல்கிறீர்களா?"
வலாய்தன் மிஸ்ஸின் கவலை வேறு:
"பிழை இருந்தால்? உலகமே பார்க்குமே."
போன வருஷம் சேர்ந்த பையன் பின்வரிசையிலிருந்து,
"பிரிண்டருக்கு மை யார் தருவார்கள்?"
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

நான் துணிச்சல்காரி இல்லை.
ஆனால் என் அலமாரியில் பாதி
யார் யாரோ எழுதியது.
கேட்காமல் நகலெடுத்தேன்,
பெயர் இருந்த மூலையை
விரலால் மறைத்துக்கொண்டு.
அந்த விரல் உறுத்தியது.
ஓர் இரவு பதினொரு மணிக்குப்
புயலை அனுப்பிவிட்டேன்.

ஏழு மாதம் சத்தமே இல்லை.

பிறகு பக்கத்துத் தீவிலிருந்து, சேன்-அந்த்ரேயிலிருந்து,
சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் தமிழ் நடத்தும்
ழோஸ்லின் வெல்லெயென் என்றொருத்தி
என் பக்கத்தை எனக்கே அனுப்பினாள்.
எண்களைக் காணோம்.
மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா.
அங்கே எச்சரிக்கைக்கு வண்ணம்.
ஒரே காற்றை
நாங்கள் எண்ணுகிறோம், அவர்கள் தீட்டுகிறார்கள்.

முதலில் எரிச்சல்தான், மறைப்பானேன்.
என் மெழுகுவத்தி, என் கதவு;
என் அப்பா இருந்த இடத்தில் யாரோ ஒரு மாமா.
அடியில் என் பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல்.
மேலே தலைப்பு, கொட்டை எழுத்தில்,
நான் எழுதியபடியே:
சூராவளி.

சின்ன ர.
பெரிய ற நிற்கவேண்டிய இடத்தில்.
'புயலின் பலம் வல்லினத்தில் இருக்கிறது'
என்று வருஷா வருஷம் சொல்லும் வாய் இது.

வலாய்தன் மிஸ்ஸிடம் போய்க் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
தன் வகுப்புச் சுவரைக் காட்டினாள்:
அங்கேயும் என் பக்கம், அதே ர,
நான்கு மூலையிலும் டேப் ஒட்டி.
"நானும் பார்க்கலை" என்றாள்.

திருத்தி அனுப்பினேன்: பிழை என்னுடையது, மன்னிக்கவும்.
அன்று மாலையே ழோஸ்லின் எழுதினாள்:
"ஒரு பையன் பெரிய ற போட்டிருந்தான்.
உங்கள் தாளைப் பார்த்துத்தான்
தவறென்று அடித்தேன்.
சனிக்கிழமை அவனிடம் பேசவேண்டும்."

அவன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறேன்.
தாளின் அடியில், என் பெயருக்கும் அவள் பெயருக்கும் கீழே,
இடம் விட்டிருக்கிறேன்.

பதில் வருமுன் வானொலி:
ஒன்றாம் எச்சரிக்கை.
கடைக்குப் போகிறேன்.
மெழுகுவத்தி இல்லை வீட்டில்.