நான்கு தசம் இரண்டு ஏழு

வன்னி என்று தட்டினேன்.
முதலில் ஒரு மரம் வந்தது,
பிள்ளையாருக்கு அதன் இலை உகந்தது என்ற குறிப்போடு.
பிறகு நெருப்பு.
ஆங்கிலத்தில் தட்டியபோது
நீங்கள் தேடியது ஜியோவன்னியா என்று கேட்டது.
இல்லை.
நான் தேடியது பனிச்சமுறிப்புக் குளம்.
மாங்குளத்துக்குக் கிழக்கே, பஸ் போகாத பக்கம்.

தமிழில் அதற்கு ஒரே பெயர்.
ஆங்கிலத்தில் பதினொன்று.
எச் ஒன்றா இரண்டா,
முறிப்பைத் தனியே பிரித்தார்களா,
உகரத்துக்கு இரட்டை ஓ போட்ட வெள்ளைக்கார இஞ்சினியருக்கு
அதைச் சொல்லிக்கொடுத்தது யார்,
எல்லாவற்றையும் மேற்கோள் குறிகளுக்குள் அடைத்து
இடையிடையே 'அல்லது' போட்டேன்.
இத்தனை அல்லதுகளோடு
ஒரு குளம் எப்படி நிறையும்.

ஆண்டு வடிகட்டியைத்
தொண்ணூறிலிருந்து இரண்டாயிரத்து ஒன்பதுக்கு இழுத்தேன்.
முடிவுகள்: பூச்சியம்.
எழுத்துப்பிழை உள்ளதா எனச் சரிபார்க்கவும், என்றது திரை.
சரிபார்த்தேன்.
எழுத்துகள் சரியாகத்தான் இருந்தன.
அந்த வடிகட்டிக்குள்தான் நானும் பிறந்தேன்.

அறிவியல்நகர் நூலகத்தின் கூரையில் குரங்குகள் ஓடின.
நூலகர் ரெஜினோல்டா என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு,
"ஆண்டை எடுத்துவிடும்.
அது அச்சடிச்ச ஆண்டு,
மழை பெய்த ஆண்டில்லை" என்றார்.

எடுத்தேன். மூன்று வந்தன.
ஒன்று ஜியோவன்னி.
ஒன்று நாற்பது டொலர் கேட்டது,
என் வளாகத்தின் பெயரைப் போட்டால் உதட்டைப் பிதுக்கியது.
எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டேன்.
பதினொரு நிமிடத்தில் கட்டுரை வந்தது, வாழ்த்துகளோடு.

அட்டவணை இரண்டு, நிரை ஆறு:
பனிச்சமுறிப்பு, வான் பாயும் மட்டத்தில் ஆழம்
4.27 மீற்றர்.
எவ்வளவு சுத்தமான எண்!
அதைப் பதினேழு கட்டுரைகள் எடுத்தாண்டிருந்தன.
ஒரு கணினி மாதிரி அதை நம்பி
இரண்டாயிரத்து ஐம்பதாம் ஆண்டின் வறட்சியைக்கூடச் சொல்லிவிட்டது.

எண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன்.
கட்டுரை ஓர் அறிக்கையைக் காட்டியது.
அறிக்கை ஓர் ஒல்லாந்து ஆய்வேட்டைக் காட்டியது.
ஆய்வேட்டை யாரோ அவசரத்தில் ஸ்கான் பண்ணியிருந்தார்கள்,
எண்பத்தி மூன்றாம் பக்கத்தில் ஒரு பெருவிரல்.
விரலுக்குக் கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு:
கிருபைநாதன், நீர்ப்பாசனத் திணைக்களம்,
தனிப்பட்ட தொடர்பு, 2003.

அந்தப் பெயரை எந்தத் தரவுத்தளத்துக்கும் தெரியவில்லை.
ரெஜினோல்டா தன் கைப்பேசியை எடுத்தார்.
"மாங்குளச் சந்தியில ரயர் கடை.
போன கிழமை என்ர ஸ்கூட்டிக்குப் பஞ்சர் ஒட்டினவர்.
முந்தி குளத்தில வேலை செய்ததெண்டு சொன்னவர்."

காற்றடிக்கும் மெஷின் இரைச்சலுக்குள் அவர் குரல் வந்தது.
ஓம், ஞாபகமிருக்கு. நெட்டையான வெள்ளைக்காரப் பெடியன்.
சமாதான நேரம்.
அளவுமட்டப் பலகையை அப்பவே ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டினம்,
அடுப்புக்கோ, பங்கருக்கோ.
புத்தகமும் இல்லை.
நான் கலிங்கில நிண்டு கையை உயர்த்திக் காட்டினனான்,
"ஒரு பதின்நாலு அடி இருக்கும், குத்துமதிப்பா."

பதின்நாலு அடி.
ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
நான்கு தசம் இரண்டு ஏழு.
அவர் சொன்ன 'குத்துமதிப்பா'
அடியிலிருந்து மீற்றருக்கு மாறும் வழியில்
எங்கோ விழுந்திருக்கிறது.

"அப்ப உண்மையான ஆழம் எவ்வளவு, அண்ணை?"
மெஷின் நின்றது.
"அதை எனக்கும் ஒருக்காச் சொல்லும்,
கண்டுபிடிச்சா."

மேற்கோள் பட்டியலில் மூல வகையைத் தெரியச் சொன்னது மென்பொருள்:
நூல், கட்டுரை, அறிக்கை, வரைபடம், பிற.
பிற.
பெயரை ஆய்வேட்டில் இருந்தபடி
ஒவ்வோர் எழுத்தாக அவருக்கு வாசித்தேன்.

"அதில ஒரு எச் குறையுது" என்றார்.
"பரவாயில்லை. நீர் போடும்."