மஞ்சள் புள்ளி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டிலிருந்து மூன்றாவது கட்டிடம்.
கீழே உரக்கடை, மாடியில் நானும் மெஷினும்.
யூரியா வாடை படியேறி வரும்,
அதற்காக வாடகையில் இருநூறு குறைத்தார்கள்.

திருச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில்
இரண்டாம் கையாக வாங்கியது. வளையலை வைத்துத்தான்.
குறுக்கே ஒரு தண்டவாளம், அதில் ஓடும் சின்ன வண்டி,
வண்டிக்குள் எறும்புக் கொடுக்கு அளவில் கத்தி.
போனில் நான் வரைவதை அப்படியே நம்பும்.
தப்பாக வரைந்தால்
தப்பைத் துல்லியமாக வெட்டித் தரும்.

காகிதம் சொன்ன பேச்சு கேட்கும். துணி கேட்காது.
கத்தி போகிற பக்கமெல்லாம் தானும் போகும்,
சந்தையில் முந்தானை பிடித்த பிள்ளை மாதிரி.
அடியில் ஒட்டுவதற்கென்று ஒரு தாள் விற்கிறார்கள்,
மீட்டர் நூற்றெண்பது.
நான் பொன்னி அரிசிக் கஞ்சியில் துணியை முக்கி
மொட்டைமாடியில் காயவைத்து
அப்பளம்போல் எடுத்து வருகிறேன்.
காக்கை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.
கத்திக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கேட் மூடினால் நானும் நிறுத்திவிடுவேன்.
சரக்கு வண்டி கடக்கையில் மேசை நடுங்கும்;
வாழ்த்துகள் ஒருமுறை கொக்கிக்கொக்கியாய் வந்தது.
பெட்டிகளை எண்ணி முடித்து
மறுபடி பொத்தானைத் தொடுவேன்.

மின்விசிறியும் கூடாது, புள்ளிகள் பறந்துவிடும்.
ஓர் எழுத்து வாயை மூடிக்கொள்ள
நமக்கு அதன் தலையில் ஒரு புள்ளி வேண்டும்.
அது எழுத்தோடு ஒட்டியிருப்பதில்லை.
மெஷினுக்கு அது தனி ஆள்,
மிளகளவு வட்டம்.

கோவில்வெண்ணி செண்பகவல்லி வந்தாள்,
வயிற்றுத் தையல் இன்னும் ஆறாத நடையில்.
பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறார்கள்.
ஒட்டுத்துணிப் போர்வை, அறுபத்துநாலு கட்டம், நடுவில் பேர்.
என்ன பேர்?
"அது இன்னும் முடிவாகலைக்கா."

வெள்ளி காலை போன் வந்தது: தையல்நாயகி.
அவர்கள் வீட்டுக் குலசாமி. மஞ்சளில் வெட்டினேன்.
மதியம் நாத்தனார்: ஜோசியர் சானாவில் ஆரம்பிக்கச் சொன்னாராம்,
சம்யுக்தா. பச்சையில் வெட்டினேன்.
ராத்திரி பத்தரைக்கு அவளே, கொல்லைப்பக்கத்துக் குரலில்:
"மிளிர். நான் வைக்கிற பேர்.
நீலத்துல வெட்டுங்கக்கா, இனிமே மாறாது."

மூன்றே எழுத்து. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறேன்,
வந்தது ஒரு தும்மல்.
உரக்கடைக்காரர் அன்று மூட்டை இறக்கியிருந்தார்.

போனின் வெளிச்சத்தில் பாயைத் தட்டினேன்,
மெஷினைக் கவிழ்த்தேன், என் தலைமுடியைக்கூட உதறினேன்.
புள்ளி இல்லாவிட்டால் மிளிர.
யாரோ மிளிர, எதுவோ நடக்கும்,
வாக்கியம் பாதியில் நிற்கும்.
மிச்சத் துணியில் கத்தரிக்கோலால் முயன்றேன்:
ஒன்று உளுந்து, ஒன்று அவரைக்கொட்டை.
மெஷினிடமே கேட்கலாமென்று திரும்பினால்
கரண்ட் போய்விட்டது.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
சம்யுக்தாவிடம் இரண்டு புள்ளி இருந்தன, பச்சையாக.
தையல்நாயகிக்கு இருந்ததே ஒன்று.
கை ஏனோ அந்த ஒன்றுக்குத்தான் போனது.

ஞாயிறன்று நானும் போயிருந்தேன், சாப்பாடு உண்டு என்பதால்.
போர்வையை விரித்தார்கள்.
செண்பகவல்லியின் மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
கட்டம் கட்டமாகப் பார்த்து வந்து
நடுவில் நின்றார்.
"புள்ளி மட்டும் என்ன மஞ்சளு?"
டிசைன், என்றேன்.
விரலால் ஒரு தடவை தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை.
பாயசம் இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

டப்பாவில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்,
யாருக்கும் வைக்காத இரண்டு பேர்.
ஒருத்தி முழுசாக.
ஒருத்தி தையலநாயகி என்று
வாயை மூடாமல்.

மணி அடிக்கிறது. கேட் இறங்குகிறது.
பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறேன்.