பதினோராம் அலைவரிசை

கிழக்கு மொன்டானாவில்
கண்ணுக்கெட்டும் மரங்களை எண்ண ஒரு கை போதும்.
ஆர்லிஸ் வீட்டுக்கும் வெர்லா வீட்டுக்கும் நடுவே
பதினேழு மைல், ஒரு மேடு,
மூன்று வருஷத்து வாய்ப்பூட்டு.

பூட்டியது ஒரு காளை.
வேலியை முறித்தது யார் வீட்டுக் காளை
என்பதற்கு இன்றுவரை தீர்ப்பில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு
பதினோராம் அலைவரிசையில் ஒடெட்டின் ஊசிவேலை.
நகரத்துக் கோபுரத்தை விட்டு இறங்கி
இருநூறு மைல் கோதுமைத் தாளின்மேல் நடந்து
மேட்டின் தகரக் கொட்டகையில் மூச்சு வாங்கி
அதற்கப்புறம் இரண்டாய்ப் பிய்ந்துவிடும் நிகழ்ச்சி.
ஆர்லிஸுக்குப் படம் வரும், பேச்சு வராது.
வெர்லாவுக்குப் பேச்சு வரும்,
படத்துக்குப் பதில் சாம்பல் நிறப் பூச்சிகள்.

ஆர்லிஸின் கணவன் ஆரின் ஏணி போட்டு ஏறி
ஆன்டெனாவைத் திருப்பாத திசையில்லை.
“இப்போ?” என்பான் கூரையிலிருந்து.
ஒடெட் வாயைத் திறந்து திறந்து மூடுவாள்
கண்ணாடித் தொட்டி மீன்போல.
விரல்கள் மட்டும் தெளிவு:
நூல் ஊசியைச் சுற்றுகிறது, சுற்றுகிறது,
சரியாக அப்போதுதான் திரையில் பனி கொட்டும்.
பனி விலகும்போது
பூ முடிந்துவிட்டிருக்கும்.
எத்தனை சுற்று?

தீவனக் கடையில்தான் காதில் விழுந்தது.
“என் பெண்டாட்டி தையலை ரேடியோ மாதிரி கேக்குறா”
என்று வெர்லாவின் புருஷன்
மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தது.
அந்தச் சொல்லை வீடுவரை கொண்டுவந்தாள்,
ஒரு வாரம் வைத்திருந்தாள்,
சனிக்கிழமை, நிகழ்ச்சி தொடங்கி நான்காம் நிமிஷம்
எண்ணைச் சுழற்றினாள்.

“என்ன சொல்றா?”
“யாரு?”
“அவதான். எத்தனை சுத்து?”
கம்பியில் வெறும் காற்று, கொஞ்ச நேரம்.
“ரெண்டு. நூலை இழுத்துப் பிடிக்கணுமாம்.
கை எப்படி வச்சிருக்கா?”
“இடது கட்டைவிரல் மேல. நூல் அதுக்கு அடியில.”

காளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த ஊர் ஊசிக்குக் கண் உண்டு.
நம் ஊர் ஊசிக்குக் காது.
சனிக்கிழமை அரைமணி நேரம்
ஒரே ஊசிக்கு இரண்டும் இருந்தன.

மாவட்ட எல்லை நடுவில் ஓடுவதால்
வெளியூர்க் கட்டணம், நிமிஷக் கணக்கில்.
ஆரின் ரசீதைப் பார்ப்பான்,
காபி டப்பாவுக்கு அடியில் தள்ளுவான்.
காம்புத் தையல், இறகுத் தையல்,
சங்கிலித் தையலின் ஒன்பதாம் கண்ணியில்
வெர்லாவுக்கு இருமல் வந்து
ஒரு கண்ணி இன்னும் கோணலாக இருக்கிறது
ஆர்லிஸின் தலையணை உறையில்.

இரண்டு குளிர்காலம் போயிற்று.
மூன்றாவதில் ஆறு கன்றுகளை விற்று
பிறந்தநாளுக்கு டிஷ் மாட்டினான் ஆரின்.
ஒடெட்டின் நகப்பூச்சு உரிந்திருப்பதுகூடத் தெரிந்தது.
பிறகு அவள் பேசினாள்.
மெல்லிய, அவசரக் குரல், பாதி மூக்கிலிருந்து.
ஆர்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.
இத்தனை நாள் அந்த வாய்க்குள் இருந்தது
வெர்லாவின் கரகரப்பு.

எழுந்து போய் எண்ணைச் சுழற்றினாள்.
“என்ன சொல்றா?”

சத்தத்தைக் குறைக்க மறந்துபோயிற்று.
வானம் ஏறி இறங்கும் ஒலி
தரையோடு வருவதற்கு ஒரு மூச்சு பிந்தும்.
வெர்லாவின் அறையில் ஒடெட் ஒரு தடவை சொன்னாள்,
தொலைபேசிக்குள் இன்னொரு தடவை.

கம்பியில் ஒன்றுமில்லை. இருமல்கூட இல்லை.
ரிமோட்டைத் தேடிச் சோபாவுக்கு அடியில்
முழங்காலில் போனாள் ஆர்லிஸ்,
ரிசீவர் கழுத்தில் இடுங்கியபடி.

“மூணு சுத்து,” என்றாள் வெர்லா கடைசியில்.
“இந்தத் தடவை மூணு. நல்லா எண்ணிக்கோ.
அவ கை எங்க இருக்கு?”