திருக்கை: 1

ஜூலை. விடியாத நாலு மணி பத்து.
சாங்கியில் கடல் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு
உபின் தீவு விளக்குகள் பக்கம் ஒதுங்கிவிட்டது.
தலைக்கு மேல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ எங்கிருந்தோ
ஒரு விமானம் சக்கரத்தை இறக்குகிறது.

புதிதாக வந்த ஆறு பேரிடம் சொன்னேன்:
காலைத் தூக்கி வைக்காதீர்கள்.
மிதியடியில் ஈரம் துடைப்பதுபோல்
மணலைத் தேய்த்துத் தேய்த்து நகருங்கள்.
அதற்குத் தெரிந்துவிடும். தானே விலகும்.
மிதித்தால்தான் வால் திரும்பும்.

சொன்னது நான்.
இருபது நிமிடம் கழித்து மிதித்ததும்.

குறுக்கே ஒரு நட்சத்திர மீன் கிடந்தது,
முதுகெல்லாம் குமிழ்.
அதை நசுக்கிவிடக் கூடாதே என்று
ஒரே ஒரு எட்டுதான்
தூக்கி வைத்தேன்.

மணலிலிருந்து மணலே எழுந்தது.
சாப்பாட்டுத் தட்டளவு; பழுப்பில் நீலப் பொட்டுகள்.
ஓரங்கள் மட்டும் அலைய, தாழைப் புல்லுக்கு மேலே
அவசரமில்லாமல் போனது.

தேள் கொட்டும், முள் குத்தும்.
இதற்கு எந்த வினைச்சொல்
என்று யோசிக்கும் அளவுக்கு
முதல் இரண்டு நொடி அவகாசம் கொடுத்தது.
பிறகு யோசனை இல்லை.

சாட்டைக்குப் பேர்போன வால்தான்.
ஆனால் அடித்தது வால் அல்ல, அதிலிருந்த முள்.
இரு பக்கமும் ரம்பப் பல், எல்லாம் பின்னோக்கி.
நுழைவது சுலபம், கிழிப்பது திரும்பும் வழியில்.
மேலே மெல்லிய தோலுறை; அது கிழிந்தால் நஞ்சு.
ரப்பர் காலணி அதற்கு ஒரு காகிதம்.

"நெஞ்சிலோ வயிற்றிலோ என்றால்
முள்ளைப் பிடுங்கவே கூடாது," என்றாள் ரோஸ்னா,
ஏதோ ஆறுதல்போல்.
அப்புறம் எல்லாருடைய பிளாஸ்கையும் பிடுங்கினாள்.
மைலோவுக்கு வைத்த வெந்நீர், நூடுல்ஸுக்கு வைத்த வெந்நீர்
எல்லாம் நண்டு அளக்கும் வாளிக்குள்.
"முதலில் நல்ல காலை விடு.
அது தாங்கினால்தான் இது.
மரத்துப்போன கால் பொய் சொல்லும்."

வாளிக்குள் காலும் வாய்க்குள் துணியுமாக
உட்கார்ந்திருந்த நேரத்தில்
விநோதமாக அதைப் பற்றித்தான் நினைத்தேன்.
மேலே கண், கீழே வாய்;
தான் தின்பதைத் தான் பார்க்காத பிறவி.
புதைந்த நண்டின் துடிப்பை
மூக்கோரத் துளைகளால் கேட்டுக்கொள்ளும்.
கண்ணுக்குப் பின்னால் ஒரு சன்னல் திறந்து மூடும்,
மணலுக்குள் மூச்சு அப்படித்தான்.
முட்டையிடாது; வயிற்றுக்குள்ளேயே பால் ஊறும்.
பிறக்கும் குட்டிக்கும் முள் உண்டு,
உறைபோட்டே வரும்,
தாயைக் கிழிக்காதபடி.
என்னிடம் அந்த உறை இல்லாமல் வந்தது
நியாயம்தான் என்று அந்த நேரத்தில்
ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள்,
முள் துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று.
என் எலும்புகள் வெள்ளையாக நின்றன.
அதற்கு எலும்பே கிடையாது, வெறும் குருத்து.
"எது குத்தியது?" என்றார் மலாய்த் தாதி.
கையை விரித்துக் காட்டினேன்.
"ஓ, பாரி," என்றார்.
முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரில்
இந்த ஊரில் ஒரு மீன் இருப்பது
பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்.
அவன் கொடுத்ததில் எனக்குக் கிடைத்தது இது.

மூன்றாவது வாரம் உணவங்காடியில்
பக்கத்து மேசைக்கு வந்தது, வாழையிலையில்,
சம்பால் பூசிய சிறகு, ஓரம் கருகி.
ரோஸ்னா என்னைப் பார்த்தாள்.
எங்களுக்கும் ஒன்று சொன்னேன்.
பழிவாங்கலா என்று கேட்டாள்.
இல்லை, பசி.
எலுமிச்சை பிழிந்தேன். நன்றாகத்தான் இருந்தது,
நார்நாராக, குருத்து பல்லில் நெறிபட.
எழுந்து கை கழுவப் போனபோது
ஈரத் தரையில் என் கால்கள் தாமாகவே
தேய்த்துத் தேய்த்து நடந்தன.

கணக்குத் தாளை அன்றிரவுதான் முடித்தேன்.
நட்சத்திர மீன்: 14.
திருக்கை: 1.
குறிப்பு என்ற கட்டத்தில்
"உயிருடன், நலமாக" என்று எழுதி,
யாரைப் பற்றி என்று எழுதாமல் விட்டேன்.