களஞ்சியம்

நாம் கார்த்திகை என்னும் அந்தக் கொத்து
பூனோ மலையில் களஞ்சியம்.
ஜூன் விடியலில் அது மங்கினால் மழை பிந்தும்,
கிழங்கைப் பிந்தி நடவேண்டும்.

வானிலை நிலையத்தில் சேர்ந்த புதிதில்
சத்தூர்னினா இதற்குச் சிரித்தவள்.
பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினாள்:
எல் நினோ வருடங்களில்
கண்ணுக்கு எட்டாத மெல்லிய உயர்மேகம்
மீனொளியைத் தின்றிருந்தது.
சிரிப்பு நின்றது.

இந்த வருடம்
கணிப்புகள் எல்லாம் வறட்சி என்கின்றன.
மைனஸ் நான்கு குளிரில்
அண்ணன் எலெயுத்தேரியோ அண்ணாந்து,
"பதினொன்று. பளிச்சென்று."
அவனுக்கு விதைக்கடன் வேறு.

அவள் எண்ணினாள். ஆறு.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி.
ஆறு,
வேண்டுமானால் ஆறரை.

கோக்கா தேநீரின் முதல் மிடறை
மண்ணுக்கு ஊற்றினாள்.
ஏனென்று அவன் கேட்கவில்லை,
அவளும்.

"என் கணக்கில் ஆறு," என்றாள்,
"அப்படியே எழுது."

அவன் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறான்
இன்னும்.