பூஜ்யம் புள்ளி மூன்று

பீடோங்கில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே
நாலடிக் குழியிலிருந்து வந்தது கருகிய நெல்.
பதினொரு மணிகள். என் சுண்டுவிரல் நகத்தில்
பாதிகூட இல்லை ஒவ்வொன்றும்.
யாரோ அடுப்பில் சிந்தியது.
எரிந்ததால்தான் மக்காமல் தப்பியது.

வெள்ளீயத் தகட்டில் பொதிந்து, மிளகாய் உருட்டி
இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.
அது மறுபடி எரித்து, ஆவியை நிறுத்துப் பார்க்கும்:
பதினான்கு எடையுள்ள நைட்ரஜன் எத்தனை,
பதினைந்து எத்தனை.

சாணம் கொட்டிய நிலத்தில்
லேசானது நாற்றமாய்ப் பறந்துவிடும்.
பாரமானது கிடக்கும். வேரேறும், கதிரேறும்,
ஆயிரத்து முந்நூறு வருடம் வாயைத் திறக்காது.

ஏழு புள்ளி நான்கு என்றது திரை.
மாட்டுக்குப் பின்னால் யாரோ
கூடை தூக்கி நடந்திருக்கிறார்கள் என்றேன்.
"தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஏறும்,"
என்றார் டாக்டர் நோராயினி. "களைவிதையைப் பார்."
பார்த்தேன். கோரை விதை ஒன்றுகூட இல்லை.
மேட்டு நெல்.
சரி, கூடைதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய இலை ஒன்று வேண்டும்.
குழிக்கு மேலே நின்ற செம்பனையிலேயே அறுத்தேன்.
எண்பத்தேழாம் நிரை.
அந்த நிரையை எனக்குத் தெரியும்.

பூங்காவனம், சம்பளச்சீட்டு எண் 412.
விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து
இடுப்பில் கட்டிய வாளியிலிருந்து
மரத்துக்கு ஒரு மங்கு, வட்டமாய் வீசி,
நாளைக்கு எட்டு மூட்டை யூரியா.
இருபத்தாறு வருடம்.
மழையில் கரைந்தால் கிராணியின் ஏச்சு தனி.
பதிவிலாகாவில் பெருவிரலை வைத்தபோது
ரேகை இல்லை, அப்படி ஓர் ஆளே இல்லை
என்றது கருவி.
என் அம்மா.

இலை சொன்னது: பூஜ்யம் புள்ளி மூன்று.

காற்றைப் பிடித்து ஆலையில் கட்டியது யூரியா.
காற்றைப் பூஜ்யம் என்று வைத்துத்தான்
எல்லாவற்றையும் அளக்கிறோம்.
இந்த மரத்துக்கு எவரும் எதையும் சுமக்கவில்லை,
காற்று வந்துபோனது, அவ்வளவுதான்
என்று படிப்பார்கள்
இன்னும் ஆயிரம் வருடம் கழித்து
இதே இடத்தைத் தோண்டுகிறவர்கள்.

பதிவேட்டில் குறிப்புக்கென்று
ஒரு சின்னக் கட்டம் உண்டு. எழுதினேன்:
கையால் இடப்பட்டது, 26 x 8.
நோராயினி அழிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"அலகு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

மூட்டை, என்றேன்.